கடைசி வீட்டுக் குளிர்

கருமட்டி எஸ்டேட்டின் மேல்லைனில் பத்து வீட்டுக் குளிரும் ஒரே வீட்டுக்குக் குடிவந்து சேர்ந்த அன்று காலை, அந்த வீட்டுக்காரி சிட்டம்மாள் எப்போதும்போல எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, குடத்துக்குள் சொம்பை விட்டாள். சொம்பு ணங்கென்று மோதித் திரும்பியது. தண்ணீர் கல்லாகக் கிடந்தது. மாடத்தில் எண்ணெய் கல், தூக்குப்போசியில் மிச்சமிருந்த ரசம் கல், கொடியில் போட்டிருந்த சேலையைத் தட்டினால் தகரம்போலச் சத்தம் கொடுத்தது. கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டு வாசலில் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு, போர்வைக்குள் சுருண்டிருந்த இளைய மகள் சுகிர்தாவின் தோளைத் தட்டி, ஊரிலிருந்து மாமன் வந்திருக்கிறார் என்று சொல்லும் குரலில் சொன்னாள்:

“பாப்பா, எந்திரி. நம்ம வீட்டுக்குக் குளிர் வந்து ஒக்காந்திருக்கு. போற மாதிரி தெரியல.”

“குளிர்னு ஒரு பொருளே கிடையாதும்மா,” என்றாள் சுகிர்தா கண்ணைத் திறக்காமலே. வாயிலிருந்து கிளம்பிய அந்த வாக்கியம் வெள்ளைப் புகையாகி, கூரைவரைக்கும் ஏறிப்போய், அங்கேயே ஒட்டிக்கொண்டது.

இதே வாக்கியத்தை அவள் அதற்கு முன்பும் சொல்லியிருந்தாள். சும்மா அல்ல, மாரியம்மன் கோயில் முன்னால் மேல்லைன் முழுக்கக் கூடியிருக்க, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாள். கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை படிப்பவள், லீவுக்கு வந்தவள், வாயை மூடிக்கொண்டு அம்மா வடித்த சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் முந்தின மார்கழியில் கீழ்லைனில் ஒரு புருஷனும் பெண்சாதியும் குளிர் தாங்காமல் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திப் படுத்து, விடிந்தபிறகு எழுந்திருக்கவேயில்லை. கரிப்புகைக்கு வாசனை கிடையாது, உறக்கத்தோடு உறக்கமாக ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு உடம்பெல்லாம் கோபம். எஸ்டேட் கட்டிக்கொடுத்த லைன் வீடு அது: ஒரே நீளத் தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு ஒரு முன்னறையும் ஒரு அடுப்படியும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. கட்டியவன் செங்கல்லை மிச்சம் பிடித்தானோ என்னவோ, சுவருக்கு மேலே ஒரு முழத்துக்குச் சந்து. அந்தச் சந்து வழியே பத்து வீட்டுப் புகையும் பத்து வீட்டுக் கருவாட்டு வாசமும் பத்து வீட்டுச் சண்டையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வரும். ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் “நூறு” என்று ஆயுசு வாழ்த்தி ஒன்பது வீட்டிலிருந்து குரல் வரும். மறுதடவை தும்மினால் “எரநூறு.” குளிரும் அப்படித்தான், ஒரு வீட்டில் நிற்காமல் பத்து வீட்டிலும் நடமாடிக்கொண்டிருந்தது.

“நாம மூட்டுற அடுப்புச் சூடு எங்க போகுது? கூரை வழியா ஆகாசத்துக்குப் போகுது. ஆகாசத்தச் சூடாக்கவா அத்தைமாருங்க காட்டுல வெறகு சுமக்குறீங்க?” என்று கேட்டாள் சுகிர்தா. “கூரைக்கு அடியில வெள்ளித்தாள் ஒட்டணும். சந்த அடைக்கணும். அடுப்படியில மட்டும் பொகை போக வழி விடணும். அப்புறம் ஒருத்தரும் கரிச்சட்டிய உள்ள கொண்டுபோகவே வேண்டாம்.”

“அப்ப குளிரு எங்க போகும் புள்ள?” என்று கேட்டார் முதல் வீட்டுச் சின்னக்காளை தலைவர். தொழிற்சங்கத் தலைவர், எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“குளிர்னு ஒரு பொருளே கிடையாது மாமா. சூடு இல்லாததத்தான் நாம குளிர்ங்குறோம். இல்லாதது எங்கயும் போகாது.”

கூட்டம் அதை ரசித்தது. தலைவர்கூடத் தலையை ஆட்டினார்.

பாக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைச் சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள்; உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய கெட்டிக் காகிதச் சாக்குகள். மரமில்லிலிருந்து மரத்தூள் வந்தது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்து, பசை ஆயிற்று. சந்துகளில் அடைக்க மரத்தூள் திணித்த மூட்டைகள் தைத்தாயிற்று. எல்லாம் தயாரான பிறகு சுகிர்தாவுக்கு ஒரு பயம் வந்தது. இந்த ஜனங்களை அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அடைப்பார்கள், நாளைக்குக் குழாயடியில் ஒரு சண்டை வந்தால் ஒருத்தி ஏறி மற்றவள் வீட்டு மூட்டையைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். அதனால் அவளே சொன்னாள்: எல்லாரும் சத்தியம் பண்ணுங்கள், பக்கத்து வீட்டார் சம்மதமில்லாமல் எவரும் சந்தைத் திறக்கமாட்டோம் என்று. சாமியே இல்லை என்று விடுதி அறையில் வாதம் பண்ணுகிறவள், கற்பூரத்தைத் தன் கையாலேயே ஏற்றினாள். எரிந்த கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தது பத்து வீடும். அவளும்தான்.

வேலை முதல் வீட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி வந்தது. அங்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு: பொதுவேலையை எடுத்துச் செய்கிறவன் தன் வீட்டைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும். முதலில் பார்த்துக்கொண்டால் அவன் தனக்காகவே கிளப்பினான் என்று பேச்சு வரும். சிட்டம்மாளின் வீடு வரிசையிலும் கடைசி, ஆகவே யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. முதல் வீட்டை அடைத்தார்கள். அங்கிருந்த குளிர், மூட்டை வைக்கும் முன்பே, விருந்தாளி செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்புவதுபோலச் சுவரேறி இரண்டாம் வீட்டுக்குப் போயிற்று. இரண்டாம் வீட்டை அடைத்தார்கள், இரண்டு வீட்டுக் குளிரும் மூன்றாம் வீட்டுக்குப் போயிற்று. இப்படி வீடு வீடாகக் கைமாறி, ஒன்பதாம் வீட்டில் குணாளன் தன் சுவர்மேல் கடைசி மூட்டையை வைத்துத் தட்டி இறுக்கியபோது, மேல்லைனின் மொத்தக் குளிரும் பத்தாம் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கவனிக்காமல், பசை ஈரம் காயுமுன் என்று, சுகிர்தா தன் வீட்டுக் கூரைக்கும் வெள்ளித்தாள் ஒட்டிமுடித்தாள். அதாவது, உள்ளே இருப்பதை வெளியே விடாத ஒரு வீட்டை, குளிரை உள்ளே வைத்து, தன் கையாலேயே கட்டினாள்.

கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். கேமரா போன் வைத்திருந்த பையன்கள் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். குளிர் வாசற்படிவரை வந்தது, வெயிலைப் பார்த்தது, திரும்பி உள்ளே போயிற்று. வாசல் வழியாக வந்ததல்ல அது. வாசல் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சுவருக்கு மேலாக வந்த வழி ஒன்றுதான் தெரியும், அந்த வழி அடைபட்டிருந்தது.

இந்த அதிசயத்துக்காக மேல்லைன் ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருந்ததா என்றால், இல்லை. ஒருவாரத்துக்குள் பழகிவிட்டது. முதலில் வந்தது பூக்கட்டும் செல்லக்கிளி அத்தை. “சிட்டு, இந்த மல்லியக் கொஞ்சம் ஒன் வீட்டுல வச்சுக்கிறேன், மலர்ந்து போகுது” என்றாள். மலராமல் மூன்று நாள் இருந்தது மல்லி. அப்புறம் பால்; அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மீன்; அப்புறம் யாரோ ஒருவருடைய சர்க்கரை வியாதி ஊசி மருந்து. சொல்லிவிட்டு வைத்தவர்கள் சொல்லாமல் வைக்கத் தொடங்கினார்கள். கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிட்டம்மாள் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பி வந்தால், சேலைக்குமேல் கம்பளி, கம்பளிக்குமேல் சாக்கு என்று சுற்றிக்கொண்டு, மற்றவர்கள் வீட்டு மீனுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்பாள்.

வாட்ச்மேன் மாரிமுத்து இறந்தபோது அவர் மகன் திருப்பூரிலிருந்து வரவேண்டியிருந்தது. தலைவர் வந்தார், துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு.

“சிட்டம்மா, டவுன்லருந்து ஐஸ் பொட்டி வரணும்னா பொழுது போயிரும். ஒரே ஒரு நாளு.”

“மாமா, இது வீடு!” என்றாள் சுகிர்தா.

“நாங்க என்ன காடுன்னா சொன்னோம்? வீடுங்குறதுனாலதான கேக்குறோம். மனுசனத் தெருவுலயா போடமுடியும்?”

சிட்டம்மாள் பாயை விரித்தாள். சாவு வீட்டுக்கு வரும் சனம் எல்லாம் இவர்கள் வீட்டுக்கு வந்து, மாரடித்து, தேநீர் குடித்து, பல் தந்தியடிக்க வெளியே ஓடிற்று. போகும்போது ஒருவர் சொன்னார், நம் லைனுக்கு இனி அந்தக் கவலை இல்லை என்று. சொன்னவர் முகத்தில் நிஜமான நிம்மதி.

பொங்கல் கழிந்து பல்கலைக்கழகம் திறந்தது, சுகிர்தா போகவில்லை. பையைக் கட்டி வாசல்வரை கொண்டுவந்து வைத்தாள், மறுபடி உள்ளே கொண்டுபோனாள். அம்மாவை இந்த வீட்டுக்குள் விட்டுவிட்டு எப்படிப் போவது? அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. வீட்டைக் காலி செய்தால் வேலையையும் விட்டதாகத்தான் எஸ்டேட் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, வீடு காலியானால் குளிர் துணை தேடிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சை யாரோ கிளப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து சிட்டம்மாள் சந்தைக்குப் போனால்கூட “எப்ப வருவீங்க அக்கா?” என்று எதிரில் வருகிறவர்கள் எல்லாம் அன்பாக விசாரித்தார்கள். அந்த அன்பைக் கேட்கும்போதுதான் சுகிர்தாவுக்கு மூச்சு முட்டும்.

மூச்சு முட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டுக்குள் சத்தமே இல்லை. முன்பு பத்து வீட்டுப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும், படிக்கவிடாது, எரிச்சலாக வரும். இப்போது அம்மா தும்முவாள். தும்மிவிட்டு, ஒரு கணம், பழக்கதோஷத்தில் சுவரை நிமிர்ந்து பார்ப்பாள். வெள்ளித்தாளில் அவள் முகமே தெரியும்.

அப்போதுதான் மூத்தவள் தேவிகாவின் மாமியார் போன் செய்தாள். தேவிகாவைக் காரமடையில் கட்டிக்கொடுத்திருந்தது, இது நிறைமாதம்.

“சம்பந்தி, தலப்பிள்ள. ஆஸ்பத்திரி குன்னூருலயே பாத்துக்குங்க. புள்ள பொறந்ததும் நேரா ஒங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவணும், மூணு மாசம் வச்சிருந்துதான் அனுப்பணும். இல்லேன்னா நாங்க என்னமோ தொரத்திவிட்டோம்னு இங்க பேசுவாங்க.”

“வீட்டுல கொஞ்சம் குளிருங்க சம்பந்தி,” என்றாள் சிட்டம்மாள்.

“மலைன்னா குளிராதா?” என்று அந்தம்மாள் சிரித்தாள்.

சுகிர்தா அன்றைக்கே கூட்டம் கூட்டினாள். மறுபடி அதே கோயில், அதே வேப்பமரம். இந்தத் தடவை அவள் கையை ஆட்டவில்லை.

“பச்சப் பிள்ள வருது. அந்த வீட்டுல ஒரு ராத்திரி தாங்காது. சந்தத் தெறந்துவிடுங்க. பத்து வீட்டுக்கும் பிரிஞ்சிட்டா அது பழைய குளிருதான், யாரையும் கொல்லாது. கூரையில ஒட்டுன தாளு அப்படியே இருக்கட்டும், சந்து மட்டும்.”

 திறக்க மறுக்க ஆளுக்கொரு காரணம் இருந்தது. எல்லாம் வெதுவெதுப்பு மட்டுமே அல்ல. ஒன்பதாம் வீட்டுக் குணாளனுக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணமாகி ஐந்து மாதம். அதில் முதல் இரண்டு மாதம் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் தொட்டதற்கே மறுநாள் கொழுந்துக்காட்டில் பாட்டுக் கட்டினார்கள். சந்துகளை அடைத்த அன்றுதான் அவர்கள் முதன்முதலாகச் சத்தமாகச் சிரித்தார்கள். ஆறாம் வீட்டில் ஒருத்தர் குடித்துவிட்டு அழுவது இப்போது யாருக்கும் தெரிவதில்லை. நாலாம் வீட்டில் மாமியாரும் மருமகளும் நிம்மதியாகச் சண்டை போட்டார்கள். அவரவர் பேச்சு அவரவருக்கே என்பது மேல்லைனுக்கு அதுவரை கிடைத்திராத பண்டம். அதைக் கொடுத்தவளே சுகிர்தாதான். இப்போது திருப்பிக் கொடு என்கிறாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “நீதான புள்ள சொன்ன, குளிர்னு ஒரு பொருளே கெடையாதுன்னு? இல்லாத ஒண்ணப் பத்து வீட்டுக்கு எப்படிப் பிரிக்கிறது? படிச்ச புள்ள, நீயே சொல்லு.”

கூட்டம் சிரித்தது. அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. பதில் இருந்தது அவளிடம், நாலு பதில் இருந்தது; ஆனால் நாலும் பாடப்புத்தகத்தில் இருந்து வந்தவை, அவள் வீட்டுக்குள் நடப்பதோ அந்தப் புத்தகத்தில் இல்லை.

“அப்புறம் கற்பூரம்,” என்றார் தலைவர், இந்தத் தடவை சிரிக்காமல். “பக்கத்து வீட்டுச் சம்மதமில்லாமத் தெறக்கமாட்டோம்னு அணைச்சிருக்கோம். நீ ஏத்துன கற்பூரம்.”

“குணாளண்ணே?” என்று திரும்பினாள் சுகிர்தா.

குணாளன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜினாதான் பேசினாள். “அக்காவும் கொழந்தையும் எங்க வீட்டுல படுக்கட்டும் சுகி. நாங்க அடுப்படியில படுத்துக்கிறோம்.”

“வேண்டாம் தாயி,” என்றாள் சிட்டம்மாள் உடனே. “தாய்வீடு உசிரோட இருக்கையில பிள்ள பெத்தவள அடுத்த வீட்டுல கெடத்துனா அவ மாமியா வீட்டுல என்ன பேச்சு வாங்குவா? எம் மக எவ்வளவு கஷ்டப்பட்டாலும் எங்கிட்டதான் கஷ்டப்படணும்.”

சுகிர்தா அம்மாவைப் பார்த்தாள். சுவர்களில் ஒன்று அம்மாவாகவும் இருந்தது.

குழந்தை பிறந்தது, பெண். ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள் தேவிகா. லைன் முழுக்க ஆரத்தியோடு நின்றது, பார்த்தது, மூக்கு அப்பனுடையது என்றது, வீட்டு வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே போனதும் தேவிகாவுக்குத் தாடை ஆட ஆரம்பித்தது. குழந்தையைத் தன் மார்புக்கும் ரவிக்கைக்கும் நடுவே வைத்து, அதன்மேல் எட்டுத் துணி சுற்றி, அவள் ஒரே பக்கமாகப் படுத்தாள். குழந்தையின் உதடு மட்டும் வெளியே தெரிந்தது. அது பால் குடித்த நிறத்தில் இல்லை.

“சுகி, இது என்னடி வீடு?” என்று கேட்டாள்.

“நான் கட்டுனது அக்கா,” என்றாள் சுகிர்தா.

அவள் அன்று மத்தியானம் வெந்நீருக்கு விறகு எடுக்கப் போனாள். அடுப்பு மூட்டினால் அடுப்படியில் சற்று நேரம் எரியும், அப்புறம் குளிர் வந்து பக்கத்தில் உட்கார, தீ தலையைக் குனிந்துகொள்ளும். அதனால் ரெஜினா வீட்டு அடுப்பில் காய்ச்சி எடுத்து வருவதுதான் வழக்கமாகியிருந்தது. விறகை இறக்கிப்போட்டு, வெந்நீர் வாளியோடு வந்து கதவைத் தள்ளினாள். உள்தாழ் போட்டிருந்தது.

“அம்மா.”

பதில் இல்லை. கதவில் காதை வைத்தாள். வெள்ளித்தாளும் மரத்தூளும் அடைத்த வீடு எதையும் சொல்லாது; அவள் அப்படித்தான் கட்டியிருந்தாள். வாளியைப் போட்டுவிட்டுத் தோளால் இடித்தாள். “குணாளண்ணே!” என்று கத்தினாள். வரிசையில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒன்பது வீடும் இதமாக, மௌனமாக, தம் தம் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தன. மூன்றாவது இடியில் தாழ் பெயர்ந்தது.

நடு முன்னறையில் கரிச்சட்டி செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் துணி திணித்திருந்தது. சுவரோரம் தேவிகா வாய் திறந்து கிடந்தாள், அவள் கால்மாட்டில் அம்மா உட்கார்ந்தவாக்கில் தலை சரிந்திருந்தாள். குழந்தை அழவில்லை. வீடு கொஞ்சம்போல வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. 

முதலில் குழந்தை. பிறகு தேவிகாவை அக்குளில் பிடித்து இழுத்து, பிறகு அம்மாவை. கரிச்சட்டியைக் காலால் உதைத்து வாசலில் தள்ளினாள், பாதம் பொசுங்கியது, அது அப்போது தெரியவில்லை. வெயிலில் கிடத்திக் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். சுண்டினாள். சுண்டினாள். மேல்லைன் முழுவதும் காது இல்லாத வீடுகளாக நின்றுகொண்டிருக்க, அந்தக் குழந்தை ஒரு மூச்சை இழுத்து, முகத்தைச் சுருக்கி, வீறிட்டது.

அம்மா கண் திறந்ததும் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்ச நேரம் வச்சிட்டு எடுத்திரலாம்னு…” என்றாள்.

“கீழ்லைன்லயும் அப்படித்தாம்மா நெனச்சிருப்பாங்க.”

“பிள்ளைக்கு ஒதடு நீலமாயிருச்சுடி. நான் என்ன செய்ய? நீ சொல்லு. நீதான் எல்லாத்துக்கும் பதில் சொல்லுவியே.”

சுகிர்தா எழுந்தாள். உள்ளே போனாள். புகை வெளியேறிவிட்டிருந்தது, குளிர், ஒதுங்கியிருந்த மூலையிலிருந்து திரும்பி வந்து தன் இடத்தில் படுத்திருந்தது. அவள் அரிசிப்பெட்டியை இழுத்து ஒன்பதாம் வீட்டுச் சுவரோரம் போட்டு, அதன்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

“பாப்பா, கற்பூரம்,” என்றாள் அம்மா வாசலிலிருந்து, மெல்ல.

“தெரியும்மா.”

“சத்தியம் தப்புனா…”

“என்ன ஆகும்? ஏதாவது ஆகுறதுன்னா எனக்கே ஆகட்டும். இந்த வீட்டுல ஆகுறதுக்கு இன்னும் என்ன பாக்கி இருக்கு?”

முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தாள். தானே இறுக்கித் தைத்தது, லேசில் வரவில்லை. ஈறு வலிக்கப் பல்லைக் கடித்து இழுத்ததில் சாக்கு கிழிந்து, மரத்தூள் அவள் தலையிலும் கண்ணிலும் கொட்டியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. சந்து திறந்தது. அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது ரெஜினாவின் தாளிப்பு வாசம்.

அவள் காதோரமாக, மாடு கட்டுத்தறியை விட்டுக் கிளம்புவதுபோல, சாவகாசமாக, குளிர் எழுந்து சுவரேறிப் போயிற்று.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது. “ஐயோ ஏசப்பா!” என்றாள் ரெஜினா. குணாளன் கத்தினான்: “சுகிர்தா! என்ன காரியம் பண்ணிட்ட? மூடு! மூடு!”

“மூடமாட்டேன்.”

“நாங்க செத்தா பரவால்லையா?”

“நீங்களும் அந்தப் பக்கம் தெறந்து விடுங்க, சாகமாட்டீங்க!”

வாதம் செய்ய நேரமில்லை குணாளனுக்கு. கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் கண்ணெதிரே ஆடை கட்டி இறுகிக்கொண்டிருந்தது. அவன் பெட்டியில் ஏறி, எட்டாம் வீட்டுச் சுவர் மூட்டைகளைப் பிடுங்கி எறிந்தான். எட்டாம் வீட்டுக்காரர் ஏழாம் வீட்டுச் சுவரைத் திறந்தார். ஏழு ஆறைத் திறந்தது. ஒருவருக்கும் தர்மநியாயம் தோன்றிவிடவில்லை. தன் வீட்டில் நிற்பதை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடவேண்டும் என்ற ஒரே அவசரத்தில், எந்த அவசரத்தில் அதை அடைத்தார்களோ அதே அவசரத்தில், லைன் முழுக்கச் சாக்கு கிழியும் சத்தமும் மரத்தூள் கொட்டும் சத்தமும் வசவும் ஓடிற்று. ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தங்கித் தங்கி, சந்து சந்தாக நீண்டு மெலிந்து, குளிர் முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதனிடம் சின்னக்காளை தலைவர் ஒரு சால்வை எடுத்துப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குத்தான் பலம் மிச்சமிருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட வீடு இல்லை.

பொழுது சாய்வதற்குள் மேல்லைனில் பழைய மார்கழிக் குளிர், பத்து வீட்டிலும் ஒரே அளவாக. சிட்டம்மாள் வீட்டில் எண்ணெய் இளகியது. குடத்துக்குள் பனிக்கட்டி ஒருதரம் விரிசலிட்டுத் திரும்பிப் படுத்தது. தேவிகா எட்டுத் துணியில் ஐந்தை எடுத்துப் போட்டுவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்தாள். சுகிர்தா வெந்த பாதத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து மரத்தூளைத் தட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சுவருக்கு மேலாக எல்லாம் வரத் தொடங்கியது. ரசம், கருவாடு, இருமல். ஆறாம் வீட்டில் ஒருத்தர் அழுதார். நாலாம் வீட்டில் மருமகள், “இனி ஒரு வார்த்த பேசமுடியாது இந்த லைன்ல” என்றாள், அதைப் பத்து வீடும் கேட்டது. ரெஜினா தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல, குணாளன் “உஷ்” என்றான். அந்த “உஷ்” சுகிர்தாவுக்கும் கேட்டது. அவர்களுடைய சிரிப்பை அவள்தான் எடுத்துக்கொண்டாள்.  

முதல் வீட்டிலிருந்து தலைவரின் குரல் எல்லாச் சந்துகளையும் தாண்டி வந்தது. “சத்தியத்த மீறுன வீடுய்யா அது! படிப்பாம் படிப்பு! நாளைக்கே கூட்டம் போடுறேன். பத்து வீட்டுக்கும் வெதுவெதுன்னு இருந்த பொழப்பக் கெடுத்து, ஒரு பொம்பளப் பிள்ள தன் இஷ்டத்துக்கு…”

“பத்து வீட்டுக்கு இல்ல மாமா, ஒம்பது!” என்று சுகிர்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

“எதுத்துப் பேசுறா பாரு! இவள எல்லாம் காலேசுக்கு அனுப்புனது யாரு? நான் கேக்குறேன், இந்த லைன்ல ஒரு மானம் மருவாதி, ஒரு கட்டுப்பாடு…”

குழந்தை தும்மியது. மிகச் சின்னத் தும்மல், பூனைக்குட்டி தும்முவதுபோல.

தலைவரின் பேச்சு நின்றது. சுவருக்கு மேலே, ஒன்பதாம் வீட்டிலிருந்து, “நூறு” என்றாள் ரெஜினா. “நூறு” என்றது எட்டாம் வீடு. அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்தி மூக்கை உறிஞ்சி “நூறு” என்றார். சந்து சந்தாக அது மேலேறிப் போய்க்கொண்டிருந்தது. சிட்டம்மாள் வெள்ளித்தாளை அல்ல, அதற்குக் கீழே இருந்த இருட்டை, அந்த ஒரு முழத்தை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக, வெகு தூரத்திலிருந்து, கோபம் சற்றும் குறையாத குரலில், “நூறு” என்றார் சின்னக்காளை தலைவர். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார்.